கறள் பிடிக்கும் கத்திக்கு ஏன் கூடுதல் விலை?

வெள்ளவத்தையில் கடலுக்குக் கிட்ட இருக்கிறது மாமாவின் வீடு. யன்னல் கம்பி முதல் சைக்கிள் செயின் வரை எல்லாவற்றையும் உப்புக் காற்று அரித்துவிடும். அந்த வீட்டு அலுமாரியில் இரண்டு கைவினைக் கத்திகள் கிடந்தன. ஒன்று கறள் பிடிக்காத ஸ்டெயின்லெஸ். மற்றது அலகு முழுக்க நீரலை போலக் கோலம் ஓடும் டமாஸ்கஸ். விலை கூடியது இரண்டாவதுதான். கறள் பிடித்ததும் அதுதான்.

அந்தக் கோலம் எப்படி வருகிறது என்று பார்த்தால் இதில் வியக்க ஒன்றுமில்லை. இன்றைய கொல்லர்கள் பெரும்பாலும் இரண்டு வகை உருக்குத் தகடுகளை எடுக்கிறார்கள். ஒன்று 1095 எனப்படும் சாதாரண கார்பன் உருக்கு. மற்றது 15என்20, அதில் சுமார் 2 சதவீதம் நிக்கல் உண்டு. இவற்றை மாறி மாறி அடுக்கி, உலையில் காய்ச்சி, அடித்து ஒன்றாக்கி, மடித்து மறுபடியும் அடிப்பார்கள். தீட்டி முடித்த அலகில் கோலம் சரியாகத் தெரியாது. உலோகத்தை அரிக்கும் ஃபெரிக் குளோரைட் என்ற அமிலக் கரைசலில் தோய்த்த பிறகுதான் தெரியும். நிக்கல் உள்ள அடுக்கு அரிப்பைத் தாங்கிப் பளபளப்பாக நிற்க, மற்றது அரிபட்டுக் கறுக்கும். ஆக, நாம் காசு கொடுத்து வாங்குவது அளவோடு நிறுத்தப்பட்ட ஓர் அரிப்பை. கொல்லர் நிறுத்திய இடத்திலிருந்து வெள்ளவத்தைக் காற்று தொடர்கிறது, அவ்வளவுதான்.

பழைய டமாஸ்கஸ் வேறு. அது அடுக்கி அடித்ததல்ல. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசை எனும் மண் குடுவையில் உருக்கி எடுத்த கட்டி. அதன் கோலம் ஏதோ மந்திரமல்ல, உருக்கில் கலந்திருந்த மிகச் சொற்ப வனேடியம் போன்ற தனிமங்கள் கார்பைடு எனப்படும் இரும்பு-கார்பன் துகள்களை வரிவரியாகச் சேர்த்ததன் விளைவு என்று 1990களில் ஜோன் வெர்ஹோவன் என்ற உலோகவியலாளரும் ஆல்ஃபிரட் பெண்ட்ரே என்ற கொல்லரும் செய்து காட்டினார்கள். நம் பக்கத்திலும் கதை உண்டு. இலங்கையின் சமனலவெவ மலைச்சரிவுகளில் பருவக்காற்றையே துருத்தியாக்கி இரும்பு உருக்கிய பழைய உலைகளை கில் ஜூலெஃப் என்ற தொல்லியலாளர் அகழ்ந்தெடுத்து, அதே போல ஓர் உலை கட்டி, அதில் உயர் கார்பன் உருக்கும் எடுத்தார்.

சரி, கோலம் கண்ணுக்குத் தெரியும். உருக்கை இறுக்கும் தோய்ச்சல் தெரியாது. 1095 உருக்கை ஏறத்தாழ 800 பாகை செல்சியசுக்குக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் கண்ணாடி போல இறுகும், விழுந்தால் உடையும். பிறகு 200 பாகையளவில் மெல்லச் சூடாக்கி அந்த முறுகலைத் தணிக்க வேண்டும். இதை ஒழுங்காகச் செய்தாரா என்பதை வாங்குபவர் பார்த்து அறிய வழியில்லை. அதனால்தான் பிடிக்கு அருகே கொல்லர் பொறிக்கும் சிறு குறிக்கு அவ்வளவு மதிப்பு.

பிடியின் கணக்கு வேறு. கொழும்பு நூதனசாலையில் கண்டிக் காலத்து பிஹா கெத்த எனப்படும் அலங்காரக் கத்திகளைப் பாருங்கள். அலகை விட்டுவிட்டு, தந்தமும் வெள்ளியும் இழைத்த பிடியில்தான் நம் கண் நிற்கும். தந்தத்தின் கதை இன்று வேறு. 2016 ஜனவரி 26 அன்று காலி முகத்திடலில், கொழும்புத் துறைமுகத்தில் பிடிபட்ட 359 தந்தங்களை, ஏறத்தாழ ஒன்றரைத் தொன், அரசே நொறுக்கியது. எல்லை தாண்ட முடியாத பிடியைச் சேகரிப்பாளர் எதற்கு வாங்குவார்? அந்த இடத்துக்கு, அழிந்துபோன யானையினமான மமத்தின் தந்தம் வந்திருக்கிறது. குறுக்குவெட்டில் ஓடும் கோடுகள் 90 பாகைக்குக் குறைவான கோணத்தில் வெட்டிக்கொண்டால் மமத், 115க்கு மேல் என்றால் யானை.

மரம் என்றால் ஈரப்பதன்தான் பிரச்சினை. மரம் ஈரத்தை உறிஞ்சி அகலவாட்டில் ஊதும். உள்ளே போகும் இரும்பு ஊதாது. வரண்ட நாட்டில் செய்த பிடி இங்கு வந்தால் இரும்பைத் தாண்டிப் பிதுங்கும், ஏசி அறைக்குப் போனால் சுருங்கி ஆணியடியில் வெடிக்கும். வெற்றிடத்தில் பிசின் ஏற்றி இறுக்கிய மரத்துக்குக் கூடுதல் விலை கேட்பது இதனால்தான். கருங்காலி தண்ணீரில் அமிழும் அளவுக்கு அடர்த்தி. அதன் அழகுக்கு நான் எப்போதும் மயங்குவேன், ஆனால் வெடிக்காது என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

மாமா செய்த தவறு, டமாஸ்கஸைத் தோலுறையிலேயே வருடக்கணக்காக வைத்தது. தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். பதனிட்ட தோலில் உள்ள அமிலமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். கறளைக் கண்டதும் சாண்ட் பேப்பரால் தேய்தேய் என்று தேய்த்திருக்கிறார். கோலம் போய்விட்டது.

“இனி இது குப்பைதானே, தம்பி?” என்றார்.

இல்லை மாமா, கோலம் அலகின் உள்ளுக்கும் ஓடுகிறது, மறுபடி அமிலத்தில் தோய்த்தால் வரும் என்றேன். அவருக்குச் சந்தோசம். அப்புறம் கத்தியைத் திருப்பிப் பிடியடியைப் பார்த்தேன். குறி இருந்த இடமும் வழவழவென்று பளபளத்தது.