மீட்டரில் 86,000 கிலோமீட்டர், பெல்ட்டுக்கு வயது ஒன்பது

போன மாதம் ஒரு டீசல் கார் ரெக்கவரி வண்டியில் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. திண்டுக்கல் தாண்டி நான்குவழிச் சாலையில் போய்க்கொண்டிருந்தபோது இன்ஜின் சட்டென்று நின்றிருக்கிறது. வண்டிக்காரர் ஓரங்கட்டிவிட்டு ஐந்தாறு முறை செல்ஃப் அடித்திருக்கிறார். அப்புறம் டீக்கடையில் நின்றவர்கள் வந்து தள்ளியும் பார்த்திருக்கிறார்கள். "நேத்து வரைக்கும் ஒரு குறையும் இல்ல சார், மைலேஜ்கூட நல்லாத்தான் குடுத்துச்சு" என்றார்.

சாவியைத் திருப்பியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நல்ல இன்ஜின் செல்ஃப் அடிக்கும்போது திணறித் திணறித்தான் சுற்றும். இது தையல் மிஷின் போல லேசாக, ஒரே சீராகச் சுற்றியது. கவரைக் கழற்றினால், அறுந்த டைமிங் பெல்ட் கீழ்ப் புல்லியில் சிக்கிக் கிடக்கிறது. எடுத்து மடக்கிப் பார்த்தேன். முதுகுப் பக்கம் காய்ந்த கண்மாய் போல வெடித்திருந்தது. பற்களை நகத்தால் கிள்ளினால் உதிர்ந்து வந்தன. இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டை இறக்கியபோது, காற்றும் புகையும் போய்வர வழிவிடும் எட்டு வால்வில் ஆறு வளைந்திருந்தன. பிஸ்டன் தலையில் பிறை வடிவில் தழும்பு.

பிஸ்டன்கள் சுற்றிவிடும் தண்டு கிராங்க், வால்வுகளைத் திறக்கும் தண்டு கேம் ஷாஃப்ட். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற வேண்டும். அந்தக் கணக்கு பிசகாமல் பிடித்து வைத்திருப்பதுதான் டைமிங் பெல்ட். வெளியே தெரிகிற ஃபேன் பெல்ட் வேறு, இது கவருக்குள் மறைந்திருப்பது. இன்ஜின் 2,400 ஆர்பிஎம்மில் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 20 முறை திறந்து மூடுகிறது. பெல்ட் அறுந்தால் கேம் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். திறந்திருந்த வால்வு திறந்தபடியே இருக்க, கீழிருந்து பிஸ்டன் வந்து மோதும். டீசல் இன்ஜினில் கம்ப்ரஷன், அதாவது காற்றை அழுத்தும் அளவு, அதிகம்; பிஸ்டன் மேலே வரும்போது ஹெட்டுக்கும் அதற்கும் இடைவெளி மிகக் குறைவு. அதனால் அநேகமாக வால்வு தப்பாது.

அறுந்த பிறகு அடிக்கும் ஒவ்வொரு செல்ஃபும் மிச்சமிருக்கும் வால்வையும் வளைக்கும். தள்ளி ஸ்டார்ட் செய்வது அதைவிட மோசம். ஓடும்போது இன்ஜின் நின்று, செல்ஃப் வழக்கத்தைவிட லேசாகச் சுற்றினால் அதோடு விட்டுவிடுங்கள். சாவியை எடுத்துவிட்டு ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள்.

இவர் வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கியவர். மீட்டரில் 86,000. லட்சம் கிலோமீட்டரில்தானே மாற்ற வேண்டும் என்று நினைத்திருந்தார். கிலோமீட்டர், வருஷம் இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பெல்ட் ரப்பர். வண்டி ஷெட்டில் நின்றாலும் அதற்கு வயசாகும். நம் ஊர் வெயில், டிராஃபிக், இன்ஜின் சூடு எல்லாம் சேர்ந்து அதை இன்னும் சீக்கிரம் காய்ச்சிவிடும். கேம் ஷாஃப்ட்டின் ஆயில் சீல் கசிந்து பெல்ட்டில் ஆயில் பட்டால் கெடு வரும்வரைகூடத் தாங்காது. சில வண்டிகளில் அறுவதற்கு முன்னால் டிக் டிக் சத்தம் வரும், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் பேரிங் ஊளையிடும். பாதிப் பேருக்கு அதுவும் வருவதில்லை.

எல்லா வண்டியும் பெல்ட் வண்டி அல்ல, சிலவற்றில் அதற்குப் பதில் செயின் இருக்கும். ஸ்விஃப்ட் 1.3 டீசலில் செயின். டஸ்டர் 1.5 டீசல், பழைய இன்னோவா 2.5 டீசல், போலோ டீசல் போன்றவற்றில் பெல்ட். இன்னோவாவில் மீட்டரிலேயே டி-பெல்ட் என்று ஒரு விளக்கு எரியும். அதை ரீசெட் மட்டும் செய்துவிட்டுப் பெல்ட்டை மாற்றாமல் விற்ற வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். செயின் வண்டிக்காரர்கள் ஆயிலை நேரத்துக்கு மாற்றுங்கள், அதுதான் செயினுக்கு உயிர்.

மாற்றும்போது பெல்ட் மட்டும் போதும் என்று சொல்லாதீர்கள். டென்ஷனர், பெல்ட்டுக்கு வழிகாட்டும் ஐட்லர் புல்லி இரண்டும் சேர்ந்தே மாற வேண்டும். வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில் ஓடும் வண்டி என்றால் அதையும் மாற்றிவிடுங்கள். பழைய பம்ப் ஆறு மாதத்தில் இறுகினால் புதுப் பெல்ட்டும் போகும், பிரித்த கூலியும் இரண்டாவது முறை ஆகும். கேம், கிராங்க் இரண்டையும் லாக் பின் போட்டுப் பிடித்து, முடித்த பிறகு கையால் இரண்டு சுற்று சுற்றிக் குறி சரியாக நிற்கிறதா என்று பார்க்கும் மெக்கானிக்கிடம் கொடுங்கள். ஒரு பல் தள்ளி உட்கார்ந்தாலே இழுவை போய்விடும்.

திண்டுக்கல்காரருக்கு முன்கூட்டியே மாற்றியிருந்தால் பன்னிரண்டாயிரத்துக்குள் முடிந்திருக்கும். கட்டியது எழுபதாயிரத்துக்கு மேல். பள்ளிக்கூடம் திறக்கிற மாதம் அது. பில்லைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்ற நிலை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் பெல்ட் மாற்றிய பில்லைக் கேளுங்கள். "மாத்தியாச்சு சார்" என்ற வாய் வார்த்தையை எடுத்துக்கொள்ளாதீர்கள். பில் இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழித்துக்கொண்டு, வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள். இப்போது நாங்கள் பெல்ட் மாற்றும் ஒவ்வொரு வண்டியிலும் தேதியும் கிலோமீட்டரும் எழுதி பானெட்டின் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புகிறோம். உங்கள் மெக்கானிக்கிடமும் கேட்டு ஒட்டச் சொல்லுங்கள்.