கர்ப்பத்தில் கார்டிசால் ஏறுகிறது, மூளை ஏன் அலட்டிக்கொள்வதில்லை?

கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், பாதைத் திருப்பத்தில் காட்டுமாடு நிற்கிறது. பார்த்ததும் நெஞ்சு படபடப்பது அட்ரீனலின் வேலை. அதற்கு நொடிகள் போதும். அடுத்த ஏற்பாடு கொஞ்சம் மெதுவானது. மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் சி.ஆர்.எச். என்ற ஹார்மோனைச் சுரக்கும். அது பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, அங்கிருந்து வரும் ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலந்து, அட்ரீனல் சுரப்பியிலிருந்து கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோனை வரவழைக்கும். 20, 30 நிமிடத்தில் கார்டிசால் உச்சத்தைத் தொடும். பிறகு அதுவே மூளைக்குப் போய் சி.ஆர்.எச்.சை அடக்கிவிடும்.

கர்ப்பத்தில் இந்தக் கணக்கு மாறுகிறது. நஞ்சுக்கொடியும் சி.ஆர்.எச். சுரக்கத் தொடங்குகிறது. கார்டிசால் மூளையின் சி.ஆர்.எச்.சைக் குறைக்கும், நஞ்சுக்கொடியின் சி.ஆர்.எச்.சையோ கூட்டும். போதாததற்கு, ஈஸ்ட்ரோஜனின் தூண்டுதலால் கல்லீரல் கார்டிசாலைப் பிடித்துவைக்கும் புரதத்தை அதிகமாகத் தயாரிக்கிறது. கடைசி மூன்று மாதங்களில் ரத்தத்தின் மொத்தக் கார்டிசால் வழக்கத்தைவிட 2 முதல் 3 மடங்கு இருக்கும். ரிப்போர்ட்டில் அச்சிட்டிருக்கும் ‘நார்மல்’ அளவு கர்ப்பிணிகளுக்கானதல்ல. அதைப் பார்த்துவிட்டு ‘டென்ஷன் அதிகம்’ என்று முடிவுகட்டுவது தவறு. புரதத்தில் ஒட்டாத கார்டிசாலை அறிய எச்சில் பரிசோதனை உதவும்; ஆனால் அதுவும் கர்ப்பத்தில் ஓரளவு ஏறத்தான் செய்யும்.

இத்தனை கார்டிசாலுக்கு நடுவே மூளையின் அலாரம் மட்டும் தணிகிறது. எப்படி என்பதை எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஜான் ரஸ்ஸலும் பாலா பிரன்டனும் எலிகளில் துருவிப் பார்த்தார்கள். கர்ப்பத்தில் கூடும் புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோன் உடைந்து அல்லோபிரெக்னனோலோன் என்ற பொருளாகிறது. அதன் தூண்டுதலால் மூளைத்தண்டில் ஓபியாய்டு உற்பத்தி கூடுகிறது. அபின் போலச் செயல்படும், உடலே தயாரிக்கும் சரக்கு அது. மூளைத்தண்டிலிருந்து ஹைப்போதலாமஸுக்கு அபாயச் செய்தியைக் கொண்டுபோவது நாரட்ரீனலின். ஓபியாய்டு அதன் வெளியேற்றத்தையே தடுத்துவிடுகிறது, செய்தி போய்ச்சேர்வதில்லை. ஓபியாய்டை முறிக்கும் நலாக்சோன் மருந்தைக் கொடுத்ததும், சினை எலியிடம் பழைய பதற்றம் திரும்பிவிட்டது! புரோஜெஸ்ட்ரோன் அல்லோபிரெக்னனோலோனாக மாறுவதை ஃபினாஸ்டெரைடு என்ற மருந்து கொடுத்துத் தடுத்தாலும் அப்படியே.

மனிதர்களில் படம் இவ்வளவு தெளிவில்லை. பனிக்கட்டித் தண்ணீரில் கையை வைக்கும் சோதனையில் கர்ப்பிணிகளுக்குக் கார்டிசால் ஏறவில்லை என்று 2002ல் வந்த ஆய்வு சொல்கிறது. (தை மாத உறைபனியில் ஊட்டிக் குழாயடியில் பாத்திரம் கழுவுபவர்களுக்கு இந்தச் சோதனை புதிதல்ல.) ஆனால் மேடையில் பேச வைத்து, மனக்கணக்குப் போடச் சொல்லும் சோதனைகளில் முடிவு ஆளுக்கு ஆள், ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. 1994ல் கலிபோர்னியாவின் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தை அனுபவித்த கர்ப்பிணிகளில், முதல் மாதங்களில் இருந்தவர்களே அதை அதிக அதிர்ச்சியாக உணர்ந்தார்கள். நிறைமாதத்தை நெருங்கியவர்களுக்கு அவ்வளவு இல்லை.

நம் வழக்கமோ நேர்மாறு. மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்ல மாட்டோம். தாங்குவதெல்லாம் வளைகாப்பு நெருங்கும்போதுதான். மழையில் மண்சரிந்து குன்னூர்ப் பாதை அடைபடும் நாட்களில் அதிகம் கவனிக்க வேண்டியது, வயிறு தெரியாத அந்த முதல் மாதத்துப் பெண்ணை.

குழந்தைக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. தாயின் கார்டிசாலில் பெரும்பகுதியை நஞ்சுக்கொடியிலுள்ள ஒரு நொதி செயலற்ற கார்டிசோனாக மாற்றிவிடும். அதிமதுரத்தின் கிளிசிரைசின் இந்த நொதியைத் தடுக்கும் என்பதால், இருமலுக்கென்று கர்ப்பிணிகள் அதைத் தினமும் மெல்ல வேண்டாம்.

பிரசவத்தில் நஞ்சுக்கொடி வெளியேறியதும் புரோஜெஸ்ட்ரோன் சரிகிறது, கூடவே அல்லோபிரெக்னனோலோனும். தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் பதற்றம் ஓரளவு தணிந்தே இருக்கும் என்றாலும், சில தாய்மார்களை இந்தச் சரிவு மனச்சோர்வில் தள்ளுவதாகக் கருதப்படுகிறது. அல்லோபிரெக்னனோலோனையே மருந்தாக்கி, நரம்பு வழியே ஏற்றும் பிரெக்ஸனோலோனுக்கு 2019ல் அமெரிக்கா அனுமதி தந்தது. பிரசவமான மூன்றாம் நாள் வாக்கில் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். இரண்டு வாரம் தாண்டியும் தீரவில்லை, குழந்தை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கமில்லை என்றால் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லலாம். 14416 என்ற இலவச மனநல எண்ணிலும் தமிழில் பேசலாம்.