யாருக்கும் அனுப்பாத மெசேஜ் எப்படி வேலை செய்யுது?

காவேரிப்பட்டினம் பக்கத்துல இருந்து ஒரு அக்கா போன வாரம் வாட்ஸ்அப்ல ஒரு கேள்வி அனுப்பியிருந்தாங்க. கேள்விக்கு முன்னாடி சாரின்னு மூணு தடவ போட்டிருந்தாங்க, கேக்கலாமா வேணாமான்னு எத்தன நாள் யோசிச்சிருப்பாங்களோ. அவங்க மாமியாருக்கு டிமென்ஷியா, அஞ்சு வருசமாச்சு. வீட்டுக்காரருக்கு ஓசூர்ல ஷிப்ட் வேலை. பகல் பூரா அத்தை பின்னாடியே ஓட்டம், சாயங்காலம் ஆச்சுன்னா அத்தை "எங்க ஊட்டுக்கு இட்டுனு போ"ன்னு ஆரம்பிச்சுடுவாங்களாம், அவங்க நாப்பது வருசமா இருக்கறதே அந்த ஊடுதான். ராத்திரி பத்தரைக்கு எல்லாரும் தூங்கினப்புறம் இந்த அக்கா போன்ல நோட்ஸ தொறந்து மனசுல இருக்கறத எல்லாம் டைப் பண்ணிட்டு யாருக்கும் அனுப்பாம மூடிடுவாங்க. "சார், எழுதற அன்னிக்கு அழுகையா வருது, ஆனா மறுநாள் அத்தை மேல கோவம் கம்மியா வருது. இது நிஜமா, இல்ல நானா நினைச்சுக்கறேனா?"

நிஜம்தான்க்கா. நாப்பது வருசமா இத ஆராய்ச்சி பண்ணிட்டு இருக்காங்க, உங்களுக்கு முதல்ல அழுகை வருது அப்புறம் லேசாவுதுன்னு சொன்னீங்க பாருங்க, அந்த வரிசை கூட அந்த ஆராய்ச்சில அப்படியே இருக்கு.

டிமென்ஷியா பத்தி சுருக்கமா சொல்லிடறேன், நிறைய பேருக்கு தெரிஞ்சதுதான். மூளை செல்லுங்க கொஞ்சம் கொஞ்சமா செத்துட்டு வருது, ஞாபகம், பேச்சு, இடம் நேரம் எல்லாம் கழண்டுட்டே போவுது, அல்சைமர் அதுல ஒரு வகை, அதிகமா வர்ற வகை. 2023ல வந்த ஒரு பெரிய கணக்குப்படி இந்தியாவுல 60 வயசு தாண்டினவங்கள்ல 7.4 சதவீதம் பேருக்கு இது இருக்கு, ஆள் கணக்குல சொன்னா 88 லட்சம் பேர், அதுலயும் டவுன விட கிராமத்துல அதிகம். நம்ம பக்கம் இத வயசான மறதின்னு விட்டுடுவாங்க, இல்ல காத்து கருப்பு அடிச்சிருக்குன்னு மந்திரிச்சு கயிறு கட்டிடுவாங்க. கயிறு கட்டறதுல எனக்கு தனிப்பட்ட விரோதம் ஒண்ணும் இல்ல, ஆனா பி12 குறைஞ்சாலும் தைராய்டு குறைஞ்சாலும் பாக்கறதுக்கு டிமென்ஷியா மாதிரியே இருக்கும், அது மாத்திரையில சரியாகும், சாதாரண ரத்த டெஸ்ட்ல தெரிஞ்சுடும். கயித்துக்கும் சேவலுக்கும் செலவு பண்ற காசுல அந்த டெஸ்ட முதல்ல எடுங்க, அப்புறம் எந்த கோயிலுக்கு வேணா போங்க.

சரி, பாத்துக்கறவங்க கதைக்கு வரேன். ஸ்ட்ரெஸ் வந்தா கார்டிசோல்னு ஒரு ஹார்மோன் சுரக்கும்னு ஸ்கூல் பயாலஜிலயே இருக்கு. கொஞ்ச நேரம் சுரந்தா நல்லது, வருசக்கணக்கா சுரந்தா எதிர்ப்பு சக்திய அமுக்கிடும். அமுக்கும்னா எவ்ளோ? இத அளக்க அமெரிக்காவுல ஒஹையோ ஸ்டேட் யுனிவர்சிட்டில ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் குழு 1995ல ஒரு வேலை பண்ணாங்க. டிமென்ஷியா வந்த சொந்தக்காரங்கள பாத்துக்கற 13 பொம்பளைங்க, அப்படி யாரையும் பாத்துக்காத அதே வயசுக்காரங்க 13 பேர், எல்லாருக்கும் கைல 3.5 மில்லிமீட்டர்ல ஒரு சின்ன காயம் போட்டாங்க. ஆறிடுச்சான்னு எப்படி பாத்தாங்கன்னா ஹைட்ரஜன் பெராக்சைடு ஊத்தி. காயம் திறந்திருந்தா உள்ள இருக்கற கேட்டலேஸ் என்சைம் அத ஒடைச்சு ஆக்சிஜன் வெளிய வரும், நுரை பொங்கும், தோல் மூடிடுச்சுன்னா பொங்காது. சும்மா இருந்தவங்களுக்கு சராசரியா 39.3 நாள்ல நுரை நின்னுச்சு, பாத்துக்கறவங்களுக்கு 48.7 நாள். ஒன்பது நாளுக்கு மேல வித்தியாசம்! இத படிச்சப்புறம், மாமியாரையோ அப்பாவையோ பாத்துக்கற யாராவது "எனக்கு ஒண்ணும் இல்ல, சும்மா அசதி"ன்னு சொன்னா எனக்கு அந்த நுரைதான் கண்ணு முன்னாடி வருது.

இப்போ எழுத்து எங்க வருது? 1986ல அமெரிக்காவுல ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீல்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளருங்க 46 காலேஜ் பசங்கள வச்சு ஒரு சோதனை பண்ணி வெளியிட்டாங்க. தொடர்ந்து நாலு நாள், தினம் 15 நிமிஷம் எழுதணும். ஒரு குரூப்புக்கு சப்பையான தலைப்பு. மத்த மூணு குரூப்பும் வாழ்க்கையில ரொம்ப பாதிச்ச விஷயத்த எழுதணும், அதுல ஒரு குரூப் நடந்தத மட்டும், ஒரு குரூப் உணர்ச்சிய மட்டும், மூணாவது ரெண்டையும் சேத்து. ரெண்டையும் சேத்து எழுதினவங்களுக்கு எழுதி முடிச்ச உடனே மூட் அவுட், பிபி கூட ஏறி இருந்துச்சு, ஆனா அடுத்த ஆறு மாசத்துல அவங்க டாக்டர்கிட்ட போனது மத்தவங்கள விட கம்மி. அக்கா சொன்ன அதே வரிசை. அப்புறம் 2013ல நியூசிலாந்துல 49 பெரியவங்க, 64ல இருந்து 97 வயசு வரைக்கும், மூணு நாள் 20 நிமிஷம் எழுத வச்சு, கொஞ்ச நாள் கழிச்சு அதே மாதிரி கைல காயம் போட்டு பாத்தாங்க, பதினோராவது நாள் மனசுல உள்ளத எழுதினவங்கள்ல 76.2 சதவீதம் பேருக்கு முழுசா ஆறியிருக்கு, தினப்படி வேலைய எழுதினவங்கள்ல 42.1 சதவீதம்தான். பேனா புடிச்சு எழுதினதுக்கு தோல் மூடுது. எனக்கு முதல்ல படிக்கறப்போ நம்பிக்கையே வரல.

ஏன் இப்படி? பென்னிபேக்கர் முதல்ல நினைச்சது, உள்ள அடக்கி வைக்கறதே ஒடம்புக்கு ஒரு வேலை, கொட்டிட்டா அந்த வேலை மிச்சம்னு. குக்கர் விசில் கதைதான். கேக்க நல்லாருக்கு, ஆனா அது மட்டும்னா உணர்ச்சிய மட்டும் கொட்டின குரூப்புக்கும் அதே பலன் வந்திருக்கணுமே. இன்னொரு பக்கம், 2007ல மேத்யூ லீபர்மேன் குழு மூளை ஸ்கேனர்ல ஆளுங்கள படுக்க வச்சு கோவமான மூஞ்சி பயந்த மூஞ்சின்னு படம் காட்டினாங்க, அந்த உணர்ச்சிக்கு பேர் சொல்றப்போ பயத்த கெளப்பற அமிக்டலா அடங்குது, வலது நெத்திப்பக்க மூளை முழிச்சுக்குது. 'இது கோவம்'னு பேர் வச்ச உடனே கொஞ்சம் தணியுது. ஆனா இதுவும் அந்த நிமிஷத்துக்குதான், ஆறு மாசத்துக்கு எப்படி தாங்கும்?

இங்கதான் எனக்கு ரொம்ப புடிச்ச எடம். பென்னிபேக்கர் குழு பழைய சோதனை பேப்பருங்கள எல்லாம் எடுத்து ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் வச்சு வார்த்தைகள எண்ணாங்க. அந்த புரோகிராமுக்கு கதையும் புரியாது சோகமும் புரியாது, சும்மா எண்ணும், அவ்ளோதான். அதுல வந்தது என்னன்னா, யாரு நல்லா அழுது எழுதினாங்க, யாரு அழகா எழுதினாங்கங்கறது பெருசா கணக்குலயே இல்ல. 'ஏன்னா', 'அதனால', 'இப்பதான் புரியுது', 'யோசிச்சு பாத்தா' இந்த மாதிரி வார்த்தைங்க முதல் நாள் கம்மியா இருந்து கடைசி நாள் அதிகமானவங்க யாரோ, அவங்க ஒடம்புதான் தேறியிருக்கு. முதல் நாளே கோர்வையா காரணத்தோட எழுதிட்டவங்களுக்கு அந்த அளவு பலன் இல்ல! கதை ரெடியா இருந்தா வேலைக்கு ஆவாது, எழுதி எழுதி அத கட்டணும். துண்டு துண்டா மனசுல சுத்திட்டு இருக்கறது ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டா அது திரும்பத் திரும்ப தானா வந்து தொந்தரவு பண்றது கொறையும்னு விளக்கம் சொல்றாங்க.

அந்த அக்கா எழுதினது ஒரு துண்டு எனக்கு காட்டினாங்க, அவங்க அனுமதியோட சொல்றேன். முதல் நாள்: "இன்னிக்கும் அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சாங்க. கத்திட்டேன். கைய புடிச்சு இழுத்துட்டேன். நான் எல்லாம் மனுசியா." ஒரு காரண வார்த்தை கெடையாது. நாலாவது நாள்: "ஏன் அஞ்சு மணிக்கே ஆரம்பிக்கறாங்க? அந்த நேரத்துக்குதானே மாட்ட கறந்து சொசைட்டிக்கு பால் ஊத்தப் போவாங்க, அதனாலதான் கால் நிக்க மாட்டேங்குதோ." இப்போ அஞ்சு மணிக்கு அத்தை கைல காலி பால் தூக்குச்சட்டிய குடுத்து தெருக்கோடி வரைக்கும் கூட்டிட்டு போயிட்டு வராங்களாம், சில நாள் அதோட அடங்கிடுதாம், சில நாள் இல்லையாம். உண்மைய சொல்லணும்னா சாயங்காலம் கொழப்பம் அதிகமாகறது டிமென்ஷியாவுல பொதுவா வர்றது, மூளைக்குள்ள ராத்திரி பகல் காட்டற கடிகாரமே பழுதாவுதுங்கறது ஒரு காரணமா சொல்றாங்க, பால் மட்டுமே காரணம்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா அக்காவோட கோவம் கொறையறதுக்கு அந்த 'அதனாலதான்' போதுமா இருந்திருக்கு.

இன்னொண்ணு, 2003ல கேம்ப்பெல்லும் பென்னிபேக்கரும் கண்டது: 'நான்', 'அவங்க', 'நாங்க' இந்த மாதிரி வார்த்தைங்க நாளுக்கு நாள் மாறி மாறி வந்தவங்களும் டாக்டர்கிட்ட போறது கொறைஞ்சிருக்கு. தன் கண்ணுல இருந்து மட்டும் பாக்காம அடுத்த ஆள் எடத்துல இருந்தும் பாக்கறாங்கன்னு எடுத்துக்கலாம். இத தமிழ்ல எண்ணணும்னா அந்த புரோகிராம் திண்டாடிப் போயிடும்னு நினைச்சா எனக்கு சிரிப்பு வருது. கத்திட்டேன், இழுத்துட்டேன்னு எழுதினா 'நான்' எங்க இருக்கு? வினைக்குள்ள ஒளிஞ்சிருக்கு, ஸ்கூல்ல தோன்றா எழுவாய்னு படிச்சோமே. காரணமும் அப்படித்தான், 'கத்தினதால'ன்னு வாலுல ஒட்டிக்கிட்டு வரும். அதோட நமக்கு 'நாங்க' வேற 'நாம' வேற. மருமக ஒருத்தி நாலு நாள் கழிச்சு "நாம இன்னிக்கு தெருக்கோடி வரைக்கும் போனோம்"னு அத்தைய எதிர்ல வச்சு பேசற மாதிரி எழுதினா அது எவ்ளோ பெரிய நகர்வு, இங்கிலீஷ்ல அது சும்மா ஒரே 'வி'தான். தமிழ்ல இத யாராவது ஒழுங்கா எண்ணி பாக்கணும், நம்ம ஊர் காலேஜ்ல தமிழும் கம்ப்யூட்டரும் சேந்து ஆராய்ச்சி பண்ற புள்ளைங்க யாராவது இருந்தா கை வைங்க, செம தலைப்பு.

இப்போ கசப்பான பக்கம். 2006ல ஜோஆன் ஃப்ராட்டரோலி 146 ஆராய்ச்சிகள சேத்து கணக்கு போட்டாங்க, பலன் இருக்கு, ஆனா சின்னது. அதவிட முக்கியமா 2007ல கனடாவுல வயசானவங்கள பாத்துக்கற குடும்பத்தாருக்கே இத செஞ்சு பாத்தாங்க, ஒரு குரூப் மனசுல உள்ளத எழுதுச்சு, ஒரு குரூப் சரித்திரம் பத்தி எழுதுச்சு, ஒரு குரூப் அன்னன்னிக்கு நேரத்த எப்படி பங்கு போடறதுன்னு எழுதுச்சு. தேறினது யாருன்னு நினைக்கறீங்க? நேரத்த பத்தி எழுதினவங்க! இத மறைச்சுட்டு கட்டுரை எழுதறது எனக்கு புடிக்கல. என் யூகம் என்னன்னா, காலேஜ் பையன் எழுதறது நடந்து முடிஞ்ச விஷயம், பாத்துக்கறவங்களுக்கு நாளைக்கு காலையில ஆறு மணிக்கு மறுபடி அதேதான். அதனால அவங்களுக்கு ஆத்தாமைய கொட்டறது மட்டும் பத்தாது, நாளைக்கு என்ன பண்றதுங்கறதும் அந்த பக்கத்துலயே வரணும். அக்கா விஷயத்துல அந்த பால் தூக்கு அப்படி வந்ததுதானே.

போன்லயும் ஆன்லைன்லயும் எழுதற முறை இவங்களுக்கு ஏன் தோதுன்னா சொல்லவே வேணாம், டிமென்ஷியா ஆள விட்டுட்டு தர்மபுரிக்கு பஸ் ஏறி கவுன்சிலிங் போக முடியுமா, அதுவும் நாலு பேர் பாக்கற எடத்துல. நெதர்லாந்துல ஆல்ஃபிரட் லாங்கே குழு இன்டர்நெட் வழியாவே எழுத வச்சு, எழுதினதுக்கு பதில் சொல்லி சிகிச்சை குடுக்கற முறைய கொண்டு வந்து இருபது வருசத்துக்கு மேல ஆவுது. நம்மகிட்ட என்ன இருக்கு? மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5ல தொடங்கினதே நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளிலதான், பிபி சுகர் மாத்திரை வாசலுக்கே வருது, நல்ல விஷயம், எங்க வீட்டுக்கும் வருது. மாத்திரை கொண்டு வர்ற அந்த அம்மா, அத வாங்கற ஆளுக்கு பின்னாடி நிக்கற மருமககிட்ட "நீ தூங்கினியாம்மா"ன்னு ஒரு கேள்வி கேட்டு, வாரம் நாலு நாள் போன்ல எழுத ஒரு எடம் அமைச்சு குடுத்தா என்ன செலவாகிடப் போவுது? மருந்து கண்டுபிடிக்கற ஆராய்ச்சிக்கு கோடி கோடியா கொட்டட்டும், வேணாம்னு சொல்லல, ஆனா பேனாவுக்கு பேட்டன்ட் கெடையாதுங்கறதால அதுல காசு போட ஆளே இல்லங்கறதுதான் என் வயித்தெரிச்சல்.

செய்யறவங்களுக்கு ரெண்டு மூணு விஷயம். 15, 20 நிமிஷம் போதும், நாலு நாள் தொடர்ந்து எழுதினா போதும், வருசம் பூரா டைரி வேணாம். எழுத்துப்பிழை பாக்காதீங்க, தங்கிலீஷ்ல அடிச்சாலும் சரி, வாய்ஸ் டைப்பிங்ல பேசினாலும் சரி. நடந்தது என்ன, அப்போ மனசுல என்ன ஓடுச்சு, ரெண்டும் வரணும், கடைசி அஞ்சு நிமிஷம் நாளைக்கு அந்த நேரத்துல வேற என்ன செஞ்சு பாக்கலாம்னு எழுதுங்க, இந்த கடைசி அஞ்சு நிமிஷம் கனடா சோதனைய பாத்து நானா சேத்தது. எழுத எழுத தாங்க முடியலன்னா நிறுத்திடுங்க, தலைப்ப மாத்துங்க, பென்னிபேக்கரே அத ஒரு விதியா சொல்றாரு. சாகலாம்னு தோணற அளவு போச்சுன்னா எழுத்து பத்தாது, 14416க்கு போன் போடுங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன், காசு கெடையாது, ராத்திரியும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.

எழுதினத வச்சுக்கணுமான்னு அக்கா கேட்டாங்க, கூட்டுக் குடும்பத்துல போன யாராவது எடுத்து பாத்துடுவாங்களோன்னு பயம். லாக் போட்டுக்கலாம், அழிச்சும் போடலாம், வேலை எழுதறப்பவே நடந்துடுதுன்னு சொன்னேன். நேத்து பதில் வந்துச்சு, "மொத மூணு நாள் எழுதினத அழிச்சிட்டேன் சார், பால் பத்தி எழுதினத மட்டும் வீட்டுக்காரருக்கு அனுப்பிட்டேன், இந்த ஞாயித்துக்கிழம அவரு தூக்கு எடுத்துட்டு போறாராம்."