‘திடீர் அரிப்பு’ அல்ல, கரைப்பெயர்வு

கரையோர நில வழக்குகளைத் தமிழில் எழுதுகிறவர்கள் வெள்ளத்திலோ புயலிலோ கரை ஒரேயடியாக மாறிவிடுவதைக் குறிக்கும் ‘அவல்ஷன்’ (avulsion) என்ற சட்டச்சொல்லுக்குத் ‘திடீர் அரிப்பு’ என்றே போட்டுவருகிறார்கள். போன வாரம் மதுரையில் ஒரு வக்கீல் ஆபீசில் பார்த்த மொழிபெயர்ப்பிலும் அதே சொல். இனியும் பொறுக்க முடியாது.

மூலம் லத்தீன்; பிய்த்தெடுத்தல் என்று பொருள். ரோமானியச் சட்டத்தில் இருந்த கருத்து, ஆங்கிலேயச் சட்டம் வழியாக நமக்கு வந்தது.

அரிப்பு என்றால் என்ன? கறையான் மரத்தை அரிக்கும். துரு இரும்பை அரிக்கும். கொஞ்சம் கொஞ்சமாக நடந்தால்தான் அது அரிப்பு. அதன் தலையில் ‘திடீர்’ என்று ஒட்டினால் முன்பாதியைப் பின்பாதியே மறுக்கிறது. சட்டம் நிற்பதே இந்த வேறுபாட்டில்தான். கரை மெல்ல மெல்ல அரித்துப் போனால் நிலத்தின் எல்லையும் கூடவே உள்வாங்கும். போன மண் போனதுதான். மெல்ல மண் சேர்ந்தால் அது கரைக்காரருக்கு. ஒரே வெள்ளத்தில், ஒரே புயலில் கரை மாறிவிட்டால் மட்டும் பழைய எல்லை அப்படியே நிற்கும். இதுதான் பொதுவிதி. ‘அரிப்பு’ என்று எழுதிக் கொடுத்தால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேலை மிச்சம்.

இன்னொன்று, திடீரென நிலம் கூடினாலும் அவல்ஷன்தான். புளோரிடாவில் அரசு மணல் கொட்டிக் கடற்கரையை அகலப்படுத்தியது. புது மணல் யாருக்கு என்று கரை வீட்டுக்காரர்கள் வழக்காடினார்கள். 2010இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை அவல்ஷன் கணக்கில் வைத்து, பழைய எல்லை அப்படியே நிற்கும் என்று அரசு பக்கம் தீர்ப்புச் சொன்னது. கடல் அங்கே எதை அரித்தது?

தனித்தமிழ்ப் பற்றுள்ள நண்பர் ஒருவர் ‘நிலப்பறிப்பு’ என்கிறார். லத்தீனுக்கு நேர்தான். ஆனால் படிக்கிறவருக்கு நில அபகரிப்புதான் நினைவுக்கு வரும். தூய்மையாக இருந்தால் போதுமா, பொருள் விளங்க வேண்டாமா?

சோழவந்தான் பக்கம் வைகைக்கரைத் தோப்புக்காரர் எப்படிச் சொல்வார்? “நாலு தென்னையோட கரையையே ஆறு பேத்துக்கிட்டுப் போயிருச்சு.” அந்தப் ‘பேத்து’, பெயர்த்து. வேரோடு, மொத்தமாக, ஒரே வீச்சில். பெயர்தல் என்றால் இடம் மாறுவதும்தான். ஆகவே நிலம் போனாலும் வந்தாலும் பொருந்தும். அவல்ஷனுக்குக் கரைப்பெயர்வு என்றே சொல்லலாம். மெல்லச் சேர்வதற்குப் படிவு, மெல்லக் குறைவதற்கு அரிப்பு.

இப்போதைய மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் முதலில் கண்ணில் படுவதை எடுத்து, முன்னால் ஒரு ‘திடீர்’, ஒரு ‘மீள்’, ஒரு ‘இணை’ ஒட்டி முடித்துவிடுகிறார்கள். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறவர் தோப்பை இழந்தவர். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவரே சொல்லைக் கொடுத்திருப்பார்.