மாடல் ரயில் எஞ்சினில் எல்இடி: ஒட்டும்போது கவனியுங்கள்

முன்விளக்கு எரியவில்லை என்று என்னிடம் பழுதுபார்க்க வரும் மாடல் ரயில் எஞ்சின்களின் மேல்மூடியைக் கழற்றினால், எல்இடி பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். சாலிடர் வைத்த இடத்தில் கம்பி அறுந்திருக்கும், இல்லையென்றால் பசை வழிந்து விளக்கின் முகம் மங்கியிருக்கும். மின்கணக்கைச் சரியாகப் போட்டவர்கள்கூட ஒட்டுவதில் அவசரப்பட்டுவிடுகிறார்கள்.

1:87 அளவு எஞ்சின்களுக்கு 0603, 0402 வகை எல்இடிகள் பொருந்தும். 0402 என்றால் நீளம் 1 மி.மீ., அகலம் அரை மி.மீ. கடுகைவிடச் சிறிய அந்தப் பொருளில் மெல்லிய எனாமல் கம்பிகள் இரண்டைச் சாலிடர் செய்திருப்பார்கள். அந்த இணைப்பு இழுவையைத் தாங்கவே தாங்காது. எனவே எல்இடியை மட்டும் ஒட்டிவிட்டுக் கம்பியைத் தொங்கவிடாதீர்கள். சற்றுத் தள்ளி, மூடியின் உட்சுவரோடு சேர்த்துக் கம்பிக்கும் ஒரு சொட்டுப் பசை வையுங்கள். மூடியைத் தூக்கும்போது வரும் இழுப்பு அங்கேயே நின்றுவிடும்.

சூப்பர் க்ளூ வேண்டவே வேண்டாம். அதன் ஆவி தெளிவான பிளாஸ்டிக்கின் மேல் வெண்படலமாகப் படியும். காய்ந்தால் நிறமற்றுப் போகும் வெள்ளைப் பசை போதும். காய நேரமாகும், பரவாயில்லை; பின்னால் எல்இடியை மாற்ற வேண்டியிருந்தால் பக்குவமாகப் பிரித்தும் எடுக்கலாம். ஒட்டுவதற்கு முன்பே மூடியின் உட்புறத்தில் கறுப்பு வண்ணம் பூசிவிடுங்கள். பூசாவிட்டால் மெல்லிய பிளாஸ்டிக் வழியாக எஞ்சினின் மூக்கு முழுதும் ஒளிரும்.

பல எஞ்சின்களில் உலோக அடிச்சட்டம் ஒரு பக்கத் தண்டவாளத்தோடு மின்தொடர்பில் இருக்கும். திறந்த சாலிடர் அதில் பட்டால் டிகோடரே (கட்டளைப்படி மோட்டாரையும் விளக்குகளையும் இயக்கும், எஞ்சினுக்குள் இருக்கும் சிறு மின்பலகை) கருகிப்போகலாம். எல்இடியைவிட டிகோடரின் விலை பல மடங்கு. கம்பி போகும் வழியெல்லாம் கேப்டான் டேப் (சூடு தாங்கும், மின்சாரம் கடத்தாத டேப்) ஒட்டுங்கள்.

மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் இல்லாமல் எல்இடியை ஒருபோதும் இணைக்காதீர்கள். வெள்ளை எல்இடிக்குச் சுமார் 3 வோல்ட் போதும். டிசிசி (தண்டவாளம் வழியாகவே டிகோடருக்கு டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை) தண்டவாளத்தில் 15 வோல்ட் அளவுக்கு இருக்கும். 1000 ஓம் போட்டால் ஏறத்தாழ 12 மில்லிஆம்பியர் ஓடும். வெளிச்சம் கண்ணைக் கூசும், ரெசிஸ்டரும் சூடாகும். 2200 ஓம் என்றால் 5 மில்லிஆம்பியரைக் கொஞ்சம் தாண்டும். என் கணிப்பில் அதுவே தாராளம். எதுவானாலும் ரெசிஸ்டர் மேல்மூடியைத் தொடக்கூடாது. பழைய எஞ்சினின் மூடி வளைந்துபோனால் மாற்று கிடைப்பது அரிது.

டிகோடரின் நீலக் கம்பி பொதுவான நேர்முனை, வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு. டிகோடர் இல்லாத சாதாரண டிசி ஓட்டத்தில் எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டினால் மின்முனையும் மாறும். எல்இடி தலைகீழ் மின்னழுத்தத்தை அதிகம் தாங்காது என்பதால், அதற்கு இணையாக, எதிர்த்திசையில் ஒரு டயோடு (ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடும் உறுப்பு) வைக்க வேண்டும்.

ஒட்டும் முன் 3 வோல்ட் பட்டன் பேட்டரியில் ஒருமுறை எரியவிட்டுப் பாருங்கள். பசை காய்ந்தபின் இன்னொருமுறை. மூடிக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவே ஒரு சின்ன கனெக்டர் வைத்துவிட்டால் இன்னும் நல்லது. எண்ணெய் போட மூடியைக் கழற்றும்போதெல்லாம் சாலிடர் வேலை இருக்காது.