கப்போ: கங்காணியா, கோடரிக்காம்பா?

நாஜி வதைமுகாம்களைப் பற்றிப் படிக்கும்போது ‘கப்போ’ என்ற சொல் அடிக்கடி எதிர்ப்படும். சிலர் இதைக் ‘காவலர்’ என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். அது தவறு. கைதிகளை வேலை வாங்க, கைதிகளிலிருந்தே, முகாம்களை நடத்திய நாஜிகளின் எஸ்.எஸ். படையினர் பொறுக்கியெடுத்த ஆள்தான் கப்போ. அவன் சட்டையிலும் கைதி எண் இருந்தது.

‘தலை’, ‘தலைவன்’ எனப் பொருள்படும் இத்தாலியச் சொல்லிலிருந்து இது வந்தது என்பது பரவலான கருத்து. பிரெஞ்சுப் படையின் ‘கப்போரால்’ பதவிதான் மூலம் என்போரும் உண்டு. தென் ஜெர்மனிப் பேச்சுவழக்கில் கப்போ என்றால் மேஸ்திரி. 1933இல் திறந்த டாஹௌ முகாம் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது என்பதால், மேஸ்திரியைக் குறித்த சொல்லே முகாமுக்குள் புகுந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

போலந்தில் நாஜிகள் அமைத்த ஆஷ்விட்ஸ் முகாமில் முதலில் வந்திறங்கிய கைதிகளே இவர்கள்தாம். 1940 மே 20 அன்று சாக்ஸன்ஹவுசன் முகாமிலிருந்து 30 ஜெர்மானியக் குற்றக் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். 1 முதல் 30 வரையிலான எண்கள் அவர்களுக்குத்தான். அவர்கள் மேய்க்க வேண்டிய முதல் 728 போலந்துக் கைதிகள் வந்தது ஜூன் 14 அன்று.

இந்த அதிகாரம் எப்படிப்பட்டது என்பதைச் சூப் அண்டா சொல்லும். மேலே வெறும் தண்ணீர்; கிழங்குத் துண்டுகள் அடியில். அகப்பை மேலோடு போகுமா, அடிவரை போகுமா என்பது ஊற்றுகிற பொறுப்புக் கைதியின் கையில். பசித்தவன்கூட வரிசையில் முதலாவதாக நிற்க விரும்பாத இடம் அது.

தமிழில் என்ன சொல்லலாம்? உடனே நினைவுக்கு வருவது ‘கங்காணி’. ‘கண்காணி’யின் திரிபு; இலங்கை, மலாயாத் தோட்டங்களில் துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே நின்றவர். ஆங்கிலத்துக்கே போய்ச் சேர்ந்த சொல். ஆனால் கங்காணி ஊருக்குப் போய் ஆள் பிடித்துத் திரும்பக்கூடியவர். கப்போவுக்கு வேலி தாண்ட வழியில்லை. பதவி போனால் பழைய கைதிகளோடுதான் படுக்க வேண்டும். முதல் இரவே அவர்கள் அடித்துக் கொன்றுவிடுவார்கள் என்பது அவனுக்குத் தெரியும் என்று 1944 ஜூனில் தளபதிகளிடம் எஸ்.எஸ். தலைவர் ஹிம்லரே விளக்கியிருக்கிறார். ஏற்பாட்டின் சூட்சுமமே அந்தப் பயம்தான்.

‘கோடரிக்காம்பு’ இன்னும் கூர்மையான சொல். குலத்தை வெட்டும் கோடரிக்குக் காம்பாகும் மரம். ஆனால் அது தீர்ப்பு, பதவியின் பெயராகாது. பூகன்வால்ட் முகாமின் 66ஆம் கொட்டடிக்குப் பொறுப்பான ‘மூத்த கைதி’யாக இருந்த செக் நாட்டவர் அன்டோனின் கலினா, அதே வகைப் பதவியை வைத்துக்கொண்டு 900க்கும் மேற்பட்ட சிறுவர்களைக் காப்பாற்றினார். அவரை எப்படிக் கோடரிக்காம்பு என்பது? மறுபக்கம், நாஜிகளையும் அவர்களுக்குத் துணைபோனவர்களையும் தண்டிக்க 1950இல் இஸ்ரேல் இயற்றிய சட்டத்தின்கீழ் முன்னாள் கப்போக்கள் பலர் கூண்டில் ஏறினர். எபிரேயத்தில் இன்றும் ‘கப்போ’ கொடிய வசைச்சொல்.

கட்டுரையில் ‘கைதிக் கங்காணி’ என்று எழுதலாம் என்பது என் பரிந்துரை. முன்னால் உள்ள ‘கைதி’யை மட்டும் விட்டுவிடக் கூடாது. கைதிகளின் பேச்சாக வரும் இடத்தில் ‘கப்போ’ என்றே இருக்கட்டும். முதல் தடவை ஒரு வரி விளக்கம் போதும்.