ஸ்டோரேஜ் என்றால் நினைவகமா?

இணையதளத்தில் புதுப் படங்கள் ஏறமாட்டேன் என்கின்றன என்று தோழி ஒருவர் கூப்பிட்டார். ஹோஸ்டிங் திட்டத்தை, அதாவது தளத்தை வைக்க வாடகைக்கு எடுத்த சர்வர் திட்டத்தை, போன வாரம்தான் பெரிதாக்கினாராம். திட்டத்தின் விவரப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ‘நினைவகம்: 2 ஜிபி’ என்று ஒரு வரி. அதற்கு இரண்டு வரி கீழே மறுபடியும் ‘நினைவகம்: 1 ஜிபி’. முதலாவது கோப்புகளை வைத்திருக்கும் ஸ்டோரேஜ், இரண்டாவது கணினி வேலை செய்யும்போது மட்டும் தரவைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் ரேம். மொழிபெயர்த்தவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்திருக்கிறது. நிரம்பிக் கிடந்தது முதலாவது. தோழி காசு கொடுத்துக் கூட்டியது இரண்டாவதை.

ஸ்டோர் என்ற சொல்லுக்கு மூலம் லத்தீனின் ‘இன்ஸ்டௌராரே’. நிறுவுதல், புதுப்பித்தல் என்று பொருள். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, வேண்டியதைச் சேர்த்து வைப்பது என்றானது. 19ஆம் நூற்றாண்டில் சார்லஸ் பாபேஜ் தான் வடிவமைத்த கணக்குப் பொறியில் எண்களை வைக்கும் பகுதியை ஸ்டோர் என்றும் கணக்குப் போடும் பகுதியை மில் என்றும் அழைத்தார். 1945இல் எட்வாக் என்ற ஆரம்பகாலக் கணினி பற்றிக் கணிதவியலாளர் ஜான் வான் நாய்மன் எழுதிய அறிக்கை மூளை, நரம்பு என்று ஒப்பிட்டுப் பேசியது. அங்கே ‘மெமரி’ இருக்கிறது. ஆக, ஆங்கிலத்திலேயே இந்த இரண்டு சொற்களும் கொஞ்ச காலம் ஒன்றின் இடத்தில் ஒன்று உட்கார்ந்தவைதான். ஆனால் ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் இரண்டையும் பிரித்துக்கொண்டு வெகுநாளாகிவிட்டது. நாம்தான் இன்னும் சேர்த்தே கட்டிவைத்திருக்கிறோம்.

‘வன்தட்டையும் இரண்டாம் நிலை நினைவகம் என்றுதானே படித்தோம்?’ என்பார்கள். சரி, படித்தோம். பாடநூலில் ‘இரண்டாம் நிலை’ என்ற அடைமொழி இருந்தது. விலைப்பட்டியலுக்கு வரும் வழியில் அது உதிர்ந்துவிட்டது. மின்சாரம் போனதும் ரேமில் இருப்பது போய்விடும். தோழி ஏற்றிய படமோ பத்து வருடம் கழித்தும் அப்படியே கிடக்க வேண்டும். மறக்கிற ஒன்றுக்கு நினைவகம் என்று பெயர் வைத்ததே ஒரு வேடிக்கை. போகட்டும், அது நிலைத்துவிட்டது. அதே பெயரை இதற்கும் ஏன் ஒட்ட வேண்டும்?

இன்னொரு கட்சி ‘சேமிப்பு’ என்கிறது. சேமம் வடமொழி க்ஷேமத்திலிருந்து வந்தது, ஆகவே ஆகாது என்று சிலர் மல்லுக்கு நிற்பார்கள். எனக்கு அந்தச் சண்டை இல்லை. என் குறை வேறு. ‘50 ஜிபி சேமிப்பு’ என்று எழுதினால் 50 ஜிபியை மிச்சம் பிடித்தோம் என்றே காதில் விழுகிறது, தள்ளுபடி விளம்பரம் மாதிரி. போதாக்குறைக்கு, கோப்பைப் பதியும் பொத்தானிலும் ‘சேமி’ என்றே இருக்கிறது. களஞ்சியம், கிடங்கு இரண்டும் நல்ல சொற்கள்தான். ஆனால் கலைக்களஞ்சியம், தரவுக் கிடங்கு என்று அவற்றுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது.

நான் எழுதுவது ‘சேமிப்பிடம்’. அவசரத்துக்கு வெறும் ‘இடம்’. ‘போன்ல இடம் இல்ல’ என்று எல்லாரும் சொல்கிற அதே இடம். நிரம்பும், காலியாகும், போதும், போதாது என்ற வினைகள் எல்லாம் அதனோடு தானாகச் சேர்கின்றன. எவ்வளவு வேண்டும் என்ற கேள்வியும் உடனே அளக்கக்கூடியதாகிவிடுகிறது.

அளந்தும் பார்க்கலாம். எழுத்துகளைக் கணினியில் பதியும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட்டு. நி, னை போன்றவற்றில் எழுத்து ஒரு குறியீடு, அதோடு சேரும் குறி இன்னொன்று; மெய்யின் புள்ளியும் தனி. ‘நினைவகம்’ என்று எழுத 8 குறியீடுகள், அதாவது 24 பைட்டு. இந்தக் கணக்கில் ஆயிரம் சொல் கட்டுரை 30 கேபிக்குள் அடங்கிவிடும். நூறு கட்டுரைக்கு 3 எம்பி போதும். போனில் எடுத்த ஒரே படம் அதைவிடப் பெரிதாக இருக்கலாம். அதோடு விட்டதா? இணையதளம் நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸ் ஒரு படத்தை வாங்கிக்கொண்டு 150, 300, 768, 1024, 1536, 2048 பிக்சல் என்று பல அளவில் பிரதி எடுத்து வைக்கும். 4 எம்பி படம் பிரதிகளோடு 6 எம்பி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், 200 படத்துக்கு 1.2 ஜிபி. மென்பொருள், தரவுத்தளம், அப்புறம் அதே ஹோஸ்டிங் கணக்கில் தங்கும் மின்னஞ்சல்கள் எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும். காப்புப் பிரதியையும் (பேக்கப்) அங்கேயே வைத்தால் எல்லாம் இரட்டிப்பு. சிறிய தளத்துக்கு 5 ஜிபி தாராளம். படத்தைச் சுருக்கி ஏற்றினால் 1 ஜிபியே போதும். காணொளியை மட்டும் அங்கே வைக்காதீர்கள்.

அந்த விவரப் பக்கத்தின் மற்ற வரிகளும் லேசுப்பட்டவை அல்ல. பேண்ட்விட்த் ‘அலைவரிசை’ ஆகியிருந்தது. வானொலி நிலையமா நடத்துகிறோம்? ஹோஸ்டிங் திட்டத்தில் அது மாதத்துக்கு இவ்வளவு தரவு போய்வரலாம் என்ற வரம்பு. 2 எம்பி பக்கத்தை 10,000 பேர் பார்த்தால் 20 ஜிபி. ‘தரவுப் போக்குவரத்து’ என்று எழுதினால் யாருக்கும் புரியும். ஹோஸ்டிங்கோ ‘வலை விருந்தோம்பல்’. வாடகை வாங்கிக்கொண்டு, தவணை தவறினால் வெளியே தள்ளுவதற்கு விருந்தோம்பல் என்று பெயர்! அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டுகிறார்களே தவிர, அந்த வரியைப் படித்து ஒருவர் பணம் கட்டப்போகிறார் என்ற நினைப்பே இல்லை.

தோழியின் கணக்கில் பழைய காப்புப் பிரதிகள் மூன்று கிடந்தன. அவற்றில் புதியதைத் தன் கணினியில் இறக்கி வைத்துக்கொண்டு மூன்றையும் அழித்தார். சற்று நேரத்தில் செய்தி அனுப்பினார்: ‘இடம் வந்துடுச்சு, படம் ஏறுது.’